வல்லெட்டாவில் மூன்று இரவு: எதிர்க்கரையிலிருந்து தொடங்குங்கள்

செப்டம்பர் கடைசி வாரம், சிசிலி பார்த்த கையோடு மால்டாவின் தலைநகர் வல்லெட்டாவுக்கு மூன்று இரவு. ஜெர்மனியிலிருந்து நீங்கள் இருவர், மதுரையிலிருந்து வந்திருக்கும் உங்கள் அம்மா. அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி, சுத்த சைவம். சிசிலியிலிருந்து கப்பலா விமானமா, எங்கே தங்குவது, பக்கத்துக் கோசோ தீவையும் புளூ லகூன் என்ற கடற்குளத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா, படிக்கட்டு ஊர் என்கிறார்களே அம்மாவால் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் அந்த ஊரில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். என் அம்மாவையும் ஒரு தடவை வரவழைத்துப் பத்து நாள் சுற்றிக்காட்டினேன். அவருக்கும் முட்டிதான் தொந்தரவு. அதனால் எந்தத் தெருவில் ஏறலாம், எதில் இறங்க மட்டும் செய்யலாம் என்பதெல்லாம் எனக்கு இன்னும் மனப்பாடம்.

முதலில் கோசோவையும் புளூ லகூனையும் விட்டுவிடுங்கள். இரண்டும் அழகானவைதான். ஆனால் உங்களுக்குக் கிடைப்பது முழுசாக இரண்டு பகல், அப்புறம் ஒரு அரைப் பகல். கோசோவுக்குப் போய் வந்தால் அதில் ஒரு பகல் காலி. புளூ லகூனில் நிழல் கிடையாது, கூட்டம் அதிகம், நீந்தாதவர்களுக்கு உட்காரக்கூட நல்ல இடம் அமையாது. கோசோவின் பழைய படங்களில் வரும் அந்தப் பெரிய பாறை வளைவுக்காக ஆசைப்பட்டிருந்தால், அது 2017 மார்ச்சில் புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது. வல்லெட்டா ஒரு கிலோமீட்டர் நீளம், அதில் பாதியைவிடச் சற்றே கூடுதல் அகலம். அவ்வளவு சின்ன ஊரை நிதானமாகப் பார்க்க மூன்று இரவு சரியாக இருக்கும்.

கப்பலா விமானமா? சந்தேகமே வேண்டாம், கப்பல். சிசிலியின் தென்முனையில் பொட்சாலோ என்ற சின்னத் துறைமுகம் இருக்கிறது. அங்கிருந்து விரைவுக் கப்பலில் ஒன்றே முக்கால் மணி நேரம். கத்தானியாவில் தங்கியிருந்தால் துறைமுகம் வரை பஸ்ஸும் சேர்த்தே பதிவு செய்யலாம். கப்பல் சில நாள் விடியற்காலையிலும் சில நாள் இரவிலும்கூட ஓடும். நீங்கள் பகலில் வந்து சேரும் நாளாகப் பார்த்து எடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. விமானத்தில் இறங்கினால் மற்ற ஊர்களைப் போல இதற்கும் புறநகர் வழியாக, கடை கண்ணி எல்லாம் கடந்து பின்வாசலில் நுழைவீர்கள். கப்பலில் வந்தால் பெருந்துறைமுகத்துக்குள்ளேயே நுழைகிறீர்கள். வலது பக்கம் செயின்ட் எல்மோ கோட்டை, அதன் பின்னால் வல்லெட்டாவின் மதில் செங்குத்தாக எழும்பி நிற்கும். இடது பக்கம் ரிக்காசோலி கோட்டை. இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தால் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு செயின்ட் ஏஞ்செலோ கோட்டை. அம்மாவுக்கு வலது பக்க ஜன்னலோர இருக்கை பிடித்துக் கொடுங்கள். கடல் கொந்தளிப்பாக இருந்தால் வயிற்றைப் பிரட்டும், குமட்டலுக்கு ஒரு மாத்திரை கையில் இருக்கட்டும்.

அம்மாவின் விசாவைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனி கொடுத்த ஷெங்கன் விசாவே போதும். இத்தாலியும் மால்டாவும் ஷெங்கனுக்குள்தான், எனவே ஒருமுறை மட்டும் நுழையும் விசாவானாலும் சிக்கல் இல்லை. கப்பல் ஏறும்போது அடையாளம் பார்ப்பார்கள், பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். வல்லெட்டாவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதல் நாள் காலையில் நகர வாயிலில் தொடங்கி ரிபப்ளிக் தெருவில் இறங்குவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முதல் நாள் படகேறி எதிர்க்கரையில் இருக்கும் பிர்குவுக்குப் போங்கள். வல்லெட்டா என்ற ஊர் ஏன் உண்டானது என்பது அங்கே நின்றால்தான் புரியும்.

கதை இதுதான். புனித யோவான் சபை என்று ஒரு கிறிஸ்தவத் துறவியர் சபை. ஜெருசலேமில் யாத்திரிகர்களுக்கு மருத்துவமனை நடத்தத் தொடங்கி, பிறகு வாளும் எடுத்தவர்கள். ரோட்ஸ் தீவிலிருந்து உதுமானியர்கள் துரத்திய பிறகு, 1530இல் ஸ்பெயின் அரசர் ஐந்தாம் சார்லஸ் அவர்களுக்கு மால்டாவைக் கொடுத்தார். வாடகை, ஆண்டுக்கு ஒரு வல்லூறு. அவர்கள் குடியேறியது பிர்குவில். எதிரே இப்போது வல்லெட்டா நிற்கும் இடம் அன்றைக்கு ஷிபெராஸ் என்ற வெறும் மொட்டைக் குன்று. அதன் கடல்முனையில் மட்டும் செயின்ட் எல்மோ என்று ஒரு சின்னக் கோட்டை.

1565 மே மாதம் உதுமானியக் கப்பற்படை வந்தது. முதலில் எல்மோவைக் குறிவைத்தார்கள். சில நாளில் விழுந்துவிடும் என்று கணக்குப் போட்ட அந்தக் கோட்டை ஏறக்குறைய ஒரு மாதம் நின்று, ஜூன் 23ஆம் தேதிதான் விழுந்தது. பிறகு அந்த மொட்டைக் குன்றின் மேலேயே பீரங்கிகளை நிறுத்தி, கீழே இருந்த பிர்குவை அடித்தார்கள். பிர்கு பள்ளத்தில், எதிரி மேட்டில். அந்த வெயில்காலம் முழுக்க அப்படியே கழிந்தது. சிசிலியிலிருந்து உதவிப் படை வந்திறங்கி, செப்டம்பர் 8ஆம் தேதி முற்றுகை முடிந்தது. மால்டாவில் இன்றும் அந்த நாள் தேசிய விடுமுறை; துறைமுகத்தில் படகுப் போட்டி நடக்கும்.

தப்பிப் பிழைத்தவர்களுக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. அந்தக் குன்றை இன்னொரு தடவை எதிரி கையில் விடக்கூடாது. சபைத் தலைவர் ழான் டி வலெட்டுக்கு அப்போது எழுபது வயது இருக்கும். போப்பாண்டவர் லாபரெல்லி என்ற பொறியாளரை அனுப்பிவைத்தார். 1566 மார்ச் 28ஆம் தேதி அந்தக் குன்றின் மேல் அடிக்கல் நாட்டினார்கள். வலெட் 1568இல் இறந்துபோனார், ஊர் எழும்பி முடிந்ததை அவர் பார்க்கவில்லை. 1571இல் சபை பிர்குவை விட்டு இக்கரைக்குக் குடிவந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு பிர்குவின் கரையில் நின்று வல்லெட்டாவைப் பாருங்கள். அந்த உயரமும், தண்ணீரிலிருந்து நேராக எழும் மதிலும், ஒரு மணல்திட்டுகூட இடையில் இல்லாமல் கல்லாகவே இருப்பதும் ஏன் என்று யாரும் விளக்கத் தேவையிருக்காது.

போகும் வழி எளிது. வல்லெட்டாவின் மேல் பரக்கா பூங்காவிலிருந்து 58 மீட்டர் உயர மின்தூக்கி ஒன்று கீழே துறைமுகத்துக்கு இறங்குகிறது. 2012இல் கட்டியது. முட்டி வலிக்காரர்களுக்கு அந்த ஊரில் இதைவிடப் பெரிய உதவி இல்லை. இறங்கி, சாலையைக் கடந்தால் படகுத்துறை. பத்து நிமிடத்தில் போர்ம்லாவில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து உல்லாசப் படகுகள் கட்டியிருக்கும் கரையோரமாகச் சமதரையில் நடந்தால் பிர்கு. இன்னொரு வழி, ‘தைசா’ என்று சொல்லும் உள்ளூர்ப் படகு. இரண்டு முனையும் தூக்கி நிற்கும், வண்ணம் தீட்டியிருக்கும், ஐந்தாறு பேர் உட்காரலாம். ஏறும்போது படகு ஆடும், படகுக்காரர் கை கொடுப்பார். ஒரு வழி தைசாவில், ஒரு வழி பெரிய படகில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு முன் கூலியைக் கேட்டுவிடுங்கள்.

செயின்ட் ஏஞ்செலோ கோட்டைக்குள் ஏற்றம் உண்டு. சரிவுப் பாதைதான், படிகள் குறைவு, ஆனாலும் வெயில் நேரத்தில் அம்மாவுக்கு மூச்சு வாங்கும். காலையில் திறந்தவுடனேயே போய்விடுங்கள். அவரால் முடியாவிட்டால் கரையோரக் காபிக் கடையில் உட்காரட்டும், வல்லெட்டா அங்கிருந்தும் அப்படியேதான் தெரியும். பிர்குவின் உள்தெருக்களையும் விட்டுவிடாதீர்கள். சந்து சந்தாக, வீட்டு வாசலுக்கு வாசல் பூந்தொட்டி. பகல் பத்து மணிக்கும் அங்கே செருப்புச் சத்தம் கேட்கும் அளவுக்கு அமைதி. அந்தக் கோட்டையில் சிறை வைக்கப்பட்ட ஒரு கைதியைப் பற்றிப் பிற்பாடு சொல்கிறேன், மறந்துவிடாதீர்கள்.

அடுத்த நாள் வல்லெட்டாவுக்கு உள்ளே. ஊரின் அமைப்பை ஒருமுறை புரிந்துகொண்டால் படிக்கட்டுப் பயம் போய்விடும். குன்றின் முதுகில் நீளவாக்கில் ஓடும் தெருக்கள் உண்டு: ரிபப்ளிக் தெரு, அதற்கு இணையாக மெர்ச்சன்ட்ஸ் தெரு. இவற்றில் நகர வாயில் பக்கத்துப் பாதி ஏறக்குறைய சமதரை. எல்மோ கோட்டையை நெருங்க நெருங்கச் சரியும். குறுக்குத் தெருக்கள்தான் இரண்டு பக்கமும் கடலை நோக்கிச் செங்குத்தாக விழும், அவற்றில் பல படிக்கட்டுகள். ஆக, அம்மாவோடு இருக்கும்போது நீளத்தெருக்களை விட்டு இறங்காதீர்கள். கீழே போனால் ஏறி வர நினைக்காதீர்கள். எல்மோ பக்கத்திலிருந்து நகரைச் சுற்றி வரும் 133ஆம் எண் பஸ் பிடித்து வாயிலுக்கு வந்துவிடுங்கள்.

தங்குவதற்கு ஊருக்குள்ளேயே அறை எடுங்கள், பக்கத்து ஊரான ஸ்லீமாவில் வேண்டாம். ஸ்லீமாவில் வாடகை குறையலாம். ஆனால் வல்லெட்டாவின் மிக நல்ல நேரம் மாலை ஆறுக்கு மேல். பெரிய சொகுசுக் கப்பல்கள் பகலில் ஆயிரக்கணக்கானவர்களை இறக்கிவிடும், சாயங்காலம் ஏற்றிக்கொண்டு போய்விடும். அதன் பிறகு அந்தத் தெருக்கள் உங்களுடையவை. நீங்கள் போகும் நாளில் எத்தனை கப்பல் வருகிறது என்பதைத் துறைமுகத்தின் இணையப் பக்கத்தில் முன்கூட்டியே பார்க்கலாம். இரண்டு மூன்று கப்பல் வரும் நாளை பிர்குவுக்கு வைத்துக்கொண்டு, கப்பல் குறைந்த நாளை ஊருக்குள் செலவிடுங்கள். அறை பதிவு செய்யும்போது ஒன்றே ஒன்றை எழுதிக் கேளுங்கள்: மின்தூக்கி இருக்கிறதா, அது தெருமட்டத்திலிருந்தே தொடங்குகிறதா? பழைய வீடுகளை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள், பலவற்றில் சுழல்படிதான். நான் ஒரு விடுதியில் இதைக் கேட்காமல் விட்டுவிட்டு, அம்மா தினமும் மூன்று மாடி ஏறி இறங்கும்படி ஆனது. நான்காம் நாள் வேறு இடம் மாறினோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஊருக்குள் வாயிலைத் தாண்டியதும் வலது பக்கத்தில் கூரையில்லாத தூண்கள் நிற்கும். பழைய ஓப்பரா அரங்கம். 1942 ஏப்ரல் 7ஆம் தேதி குண்டு விழுந்து இடிந்தது. வாயிலையும் பக்கத்துப் பாராளுமன்றக் கட்டடத்தையும் வடிவமைத்த இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்ஸோ பியானோ, அந்த இடிபாட்டை மூடாமல் திறந்தவெளி அரங்காக ஆக்கிவிட்டார். இரண்டாம் உலகப் போர்; மால்டாவுக்கு அது இரண்டாவது பெரும் முற்றுகை. ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் ஓயாமல் அடித்து, உணவும் எரிபொருளும் தீர்ந்துகொண்டிருந்த நேரம். 1942 ஆகஸ்டில் 14 சரக்குக் கப்பல்கள் கிளம்பி, ஐந்து மட்டும் வந்து சேர்ந்தன. அதில் கடைசியாக வந்தது ஒஹாயோ என்ற எண்ணெய்க் கப்பல். தானாக நகர முடியாமல், இரண்டு பக்கமும் போர்க்கப்பல்கள் தாங்கிப் பிடிக்க, ஆகஸ்ட் 15ஆம் தேதி, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, நீங்கள் வந்திறங்கும் அதே துறைமுகத்துக்குள் நுழைந்தது. அந்தக் கப்பல்களை மால்டாக்காரர்கள் இன்றும் ‘சாந்தா மரியா’ என்று மாதாவின் பெயரால்தான் சொல்வார்கள்.

இனி, பேராலயம். வெளியே பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். கோட்டைச் சுவர் மாதிரி மொட்டையாக இருக்கும். புனித யோவான் இணைப் பேராலயம் என்று பெயர். 1572 முதல் 1577 வரை கட்டியது. உள்ளே போனால் சுவரெல்லாம் கல்லிலேயே செதுக்கிப் பொன்முலாம். தரை முழுக்கக் கல்லறை. நானூறு சொச்சம் சபைவீரர்களுடைய கல்லறைப் பலகைகள், பல நிறப் பளிங்கை இழைத்து இழைத்துப் பதித்தவை. எலும்புக்கூடு, மணல் கடிகாரம், சிங்கம், கப்பல் என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம்.

என் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். “கல்லறைய எப்படிப்பா மிதிக்கிறது?” என்றார். எல்லோரும் அதன் மேல்தான் நடக்கிறார்கள் என்று நான் சொன்னது அவருக்குப் போதவில்லை. ஊன்றுகோலை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, குனிந்து, முதல் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம்தான் நடந்தார். அங்கிருந்த காவல்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாற்காலியை எடுத்துவந்து ஓரத்தில் போட்டு, உட்காருங்கள் என்று கைகாட்டினார். கால்மணி நேரம் உட்கார்ந்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார் அம்மா. அந்தக் கூரையில் மட்டியா பிரெட்டி திருமுழுக்கு யோவானின் வாழ்க்கையை வரைந்திருக்கிறார். உட்கார்ந்து பார்ப்பதுதான் அதைப் பார்க்கும் முறை.

அங்கேயே பக்கத்துச் செபக்கூடத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் ஓவியம். யோவானின் தலை வெட்டப்படும் காட்சி, 1608இல் வரைந்தது, ஐந்து மீட்டருக்கும் மேல் அகலம். முதலில் தூரத்திலிருந்து பாருங்கள். மனிதர்கள் எல்லோரும் இடது பக்கத்தில் நெருக்கியடித்து நிற்க, வலது பாதி கிட்டத்தட்ட வெறும் சுவர். அந்தச் சுவரின் கம்பி ஜன்னலில் இரண்டு கைதிகள் எட்டிப் பார்க்கிறார்கள். ஒரு கிழவி தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். வாள் தரையில் கிடக்கிறது; கொலைகாரன் வேலையை முடிக்க முதுகுப் பக்கத்திலிருந்து குத்துவாளை உருவுகிறான். இப்போது எவ்வளவு கிட்டே விடுகிறார்களோ அவ்வளவு கிட்டே போய், யோவானின் கழுத்திலிருந்து தரையில் வழிந்திருக்கும் ரத்தத்தைப் பாருங்கள். அந்த ரத்தத்திலேயே ஓவியர் தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்டதாக இருப்பது இந்த ஒரே ஓவியம்தான். பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இருக்கும்; ‘சகோதரர்’ என்பதன் சுருக்கம். அந்த ஆண்டு ஜூலையில்தான் அவரைச் சபையில் சேர்த்திருந்தார்கள்.

ரோமில் ஒருவனைக் கொன்றுவிட்டுத் தப்பி வந்த மனிதர் அவர். சபையில் சேர்ந்த சில வாரத்தில் இங்கேயும் ஒரு சண்டை. பிடித்துச் சிறையில் போட்டார்கள். எங்கே? நீங்கள் முந்தைய நாள் ஏறிப்பார்த்த செயின்ட் ஏஞ்செலோவில். அங்கிருந்து தப்பி சிசிலிக்கு ஓடிவிட்டார். டிசம்பரில் சபை கூடி, அழுகிய உறுப்பை வெட்டி எறிவது போல என்று சொல்லி அவரை நீக்கியது. கூடிய இடம் இதே செபக்கூடம், இதே ஓவியத்துக்கு முன்னால். பிர்குவை முதலில் பார்த்துவிட்டு வரச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேராலயத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை, அன்று வழிபாடு மட்டும். தோள் மூடிய உடை வேண்டும். கூர்மையான குதிகால் செருப்புக்கு அனுமதி இல்லை, பளிங்கு கீறிவிடும். திறந்தவுடன் போனால் கூட்டத்துக்கு முன்னால் பார்த்துவிடலாம்.

பேராலயத்தோடு பெரிய விஷயங்கள் போதும். அரண்மனை, போர் அருங்காட்சியகம், கலைக்கூடம் எல்லாம் இருக்கின்றன, எல்லாம் நல்லவை. ஆனால் ஒரே நாளில் அடுக்காதீர்கள். இன்னொன்று பார்க்க மனமிருந்தால் ரிபப்ளிக் தெருவிலேயே இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கே ஒரு சின்ன இருட்டறையில் கண்ணாடிக்குள் ‘உறங்கும் பெண்’ இருக்கிறாள். சுட்ட மண் சிலை, 12 சென்டிமீட்டர்தான். கட்டிலில் ஒருக்களித்து, ஒரு கையைத் தலைக்கடியில் மடக்கி வைத்துத் தூங்குகிறாள். ஐயாயிரம் வருடத் தூக்கம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நம் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் பாட்டி மாதிரியே இருக்கும்.

அவள் கிடைத்த இடம் ஹல் சஃப்லியெனி என்ற நிலத்தடிக் கல்லறைக்கோயில். வல்லெட்டாவிலிருந்து பஸ்ஸில் கால்மணி நேரத்தில் பாவோலா. 1902இல் வீடு கட்டத் தண்ணீர்த் தொட்டி வெட்டியபோது, கூரையை உடைத்துக்கொண்டு உள்ளே எட்டிப்பார்த்தவர்கள் கண்டுபிடித்தது. ஒரு நாளைக்கு 80 பேர் மட்டும், பத்துப் பத்துப் பேராக. மூச்சுக்காற்றின் ஈரம் கல்லைக் கெடுத்துவிடும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. டிக்கெட் மாதக்கணக்கில் முன்னாலேயே தீர்ந்துவிடும், எனவே போக விருப்பமென்றால் கப்பலுக்கு முன் இதைப் பதிவு செய்யுங்கள். உள்ளே வெளிச்சம் குறைவு, படிகள் சீராக இல்லை. அம்மா மேலே காத்திருக்க, நீங்கள் இருவரும் போய் வருவது நல்லது. இடம் கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம், உறங்கும் பெண் வல்லெட்டாவில்தான் இருக்கிறாள்.

தொட்டி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. வல்லெட்டாவில் ஆறு கிடையாது. அதனால் ஊரைக் கட்டும்போதே வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி வெட்டியாக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். பதினாறாம் நூற்றாண்டில். வெட்டிய கல்லை வைத்தே வீட்டைக் கட்டினார்கள். தேன் நிறத்தில், தொட்டால் மாவு மாதிரி விரலில் ஒட்டும் சுண்ணக்கல். ஆக பழைய வீடுகளுக்கு அடியில் இப்படி ஒரு வெற்றிடம் இருக்கும்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். காலையில் ‘பஸ்டிட்சி’. அடுக்கடுக்காக உதிரும் மாவுக்குள் பட்டாணி மசியல் அல்லது ரிக்கோட்டா என்ற மென்மையான பாலாடைக்கட்டி வைத்துச் சுட்டது. சூடாக, தாளில் சுற்றித் தருவார்கள். உள்ளே வைக்கும் பூரணம் சைவம்தான், ஆனால் சில கடைகளில் மாவுக்குப் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் பழைய வழக்கம் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். ‘ஃப்டீரா’ என்ற ரொட்டியில் தக்காளி, ஆலிவ், கேப்பர் எல்லாம் வைப்பார்கள், சூரை மீனும் சேர்ந்தே வரும். மீன் வேண்டாம் என்று முன்னாலேயே சொல்ல வேண்டும். ‘பிஜில்லா’ உலர்ந்த அவரைவகைப் பருப்பைப் பூண்டு போட்டு மசித்தது, எந்த அம்மாவுக்கும் பிடிக்கும். ‘கபுனாட்டா’ கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய்க் கூட்டு. ‘ஜ்பெய்னா’ என்ற ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியில் வழக்கமாகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்ப்பார்கள், சுத்த சைவமென்றால் தவிர்த்துவிடுங்கள். நகர வாயிலுக்குப் பக்கத்தில் ‘இம்ஆரெத்’ பொரிக்கும் வண்டியின் சோம்பு வாசனை உங்களை இழுக்கும். பேரீச்சம்பழப் பூரணம் வைத்து எண்ணெயில் பொரித்தது, நம் ஊர் சோமாசிக்குச் சொந்தக்காரன். வாங்கி, சூடு ஆறுவதற்குள் சாப்பிடுங்கள். சோறு இல்லாமல் அம்மாவுக்கு முடியாதென்றால் இந்திய உணவகங்களும் இருக்கின்றன.

மொழிப் பிரச்சினை கிடையாது, எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள். அவர்களுடைய மொழி அரபு வழி வந்து, லத்தீன் எழுத்தில் எழுதப்படுவது. பெயர்ப்பலகையில் எக்ஸ் எழுத்தைப் பார்த்தால் ‘ஷ’ என்று படியுங்கள். கியூ எழுத்தை, தொண்டையில் ஒரு நொடி நிறுத்தி விழுங்கிவிடுங்கள். பஸ் டிரைவரிடம் “வல்லெட்டா” என்றால் புரியும், ஆனால் உள்ளூர்க்காரர் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது ‘இல்-பெல்ட்’, அதாவது ‘நகரம்’. நம் கிராமங்களில் “டவுனுக்குப் போறேன்” என்பது போல.

உங்கள் அம்மா விவிலியம் வாசித்தவராகவோ, அவருக்கு அப்படித் தோழி யாராவது இருப்பவராகவோ இருந்தால் இதைச் சொல்லுங்கள். பழைய தமிழ் வேதாகமத்தில் அப்போஸ்தலருடைய நடபடிகள் 28ஆம் அதிகாரத்தில் வரும் ‘மெலித்தா’ தீவு இதுதான். கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய பவுல் குளிர்காய விறகு போட, பாம்பு கையைப் பற்றிக்கொண்டதும், அதை நெருப்பில் உதறிவிட்டதும் இங்கே நடந்தது என்பார்கள். அந்தக் கப்பற்சேதத்தின் பெயரிலேயே வல்லெட்டாவில் ஒரு கோயில் இருக்கிறது, பேராலயத்திலிருந்து சிறு நடை. ஆனால் அது சரிவான தெரு, மெல்ல இறங்குங்கள்.

கடைசியாக மூன்றாம் நாள் அரைப் பகல். அம்மாவுக்குக் கால் நன்றாக இருந்தால் பஸ் நிலையத்திலிருந்து பழைய தலைநகர் மதினாவுக்குப் போய்வரலாம், அரைமணி நேரப் பயணம், மதிலுக்குள் தரை ஏறக்குறைய சமம். கால் வலித்தால் போகாதீர்கள். மேல் பரக்கா பூங்காவில் வளைவுகளுக்கு அடியில் நிழலான பெஞ்சு பிடியுங்கள். பகல் 12க்கும் மாலை 4க்கும் கீழ்த்தட்டில் பீரங்கி வெடிப்பார்கள்; துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள ஏற்பட்ட வழக்கம். சத்தம் பலமாக இருக்கும், அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவைத்து, காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லுங்கள். புகை துறைமுகத்தின் மேல் நகர்ந்து கலைந்ததும் எதிரே பிர்குவும் ஏஞ்செலோ கோட்டையும் தெரியும்.

என்னென்ன தேதி, எந்தக் கிழமை என்று முடிவானதும் எழுதுங்கள். ஞாயிறு இடையில் வந்தால் பேராலயத்தை எந்த நாளுக்கு மாற்றுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.